மதகடியில் நின்ற மோட்டார் சைக்கிள்

உரும்பிராய்
14.06.2025

அன்புள்ள மகன் பிரகலாதனுக்கு,

அம்மா எழுதுவது. முழங்காலைத் தவிர இங்கே எனக்கு வேறு குறையில்லை. நீயும் வித்தியாவும் பிள்ளைகள் இருவரும் அங்கே நோய்நொடியின்றி இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். முதலில் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். அப்பாவின் பெயரில் நீங்கள் எங்கள் ஊர் ஆரம்பப் பாடசாலைக்குக் கட்டிக்கொடுத்த கணினி அறையை நான் பூட்டிவிட்டேன் என்றும், திறப்பை எங்கேயோ வைத்து மறந்துவிட்டேன் என்றும், யாராவது கேட்டால் சண்டைக்கு வருகிறேன் என்றும், எனக்கு மறதி நோய் தொடங்கிவிட்டது என்றும் ஊரில் ஒரு கதை நடக்கிறது. பக்கத்து வீட்டுப் பூரணம் நேற்று வேலிக்கு அப்பால் நின்று, "அக்கா, மறதிக்கு நல்ல எண்ணெய் ஒண்டு இருக்காம், தலைக்கு வைச்சுப் பாருங்கோவன்" என்றாள். அவள் தொண்ணூற்றைந்தாம் ஆண்டுப் பெரிய இடப்பெயர்வுக்கு முதல் வருடம் என்னிடம் வாங்கிப்போன அரிதட்டை இன்னும் திருப்பித் தரவில்லை என்பதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். பிறகு அவள் எண்ணெயைப் பற்றிக் கதைக்கவில்லை. என்னிடமிருந்த திறப்பை இம்மாதம் ஆறாம் திகதி வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அதிபர் கேதீஸ்வரனிடம் அவருடைய அறையில் வைத்துக் கொடுத்தேன், என் கொப்பியில் அவரிடம் கையெழுத்தும் வாங்கினேன். படிக்கிற காலத்தில் கொன்வென்றில் சிசிலியா சிஸ்டர் பழக்கிய பழக்கம், பள்ளிச் சாமான் எதையும் வெறும் வாயால் ஒப்படைக்க மாட்டேன். அறையைப் பூட்டியது அதிபர். எனக்கு எழுபத்தெட்டு வயது, நினைவு என்னை விட்டுப் போகவில்லை. போயிருந்தால் இந்தச் சில கிழமைகளில் எனக்குக் கொஞ்சமாவது நித்திரை வந்திருக்கும். இதைத் தொலைபேசியில் சொல்லலாமே என்று நீ நினைப்பாய். நான் இந்தக் கதையைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் உனக்கு வேறு யாரோ அழைப்பு எடுக்கிறார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஊர்ப் புதினம் சொல்ல அதிகமில்லை. வெயில் கொளுத்துகிறது, கிணற்றுத் தண்ணீர் நாலு படி இறங்கிவிட்டது, கீழ்க் காணியைக் குத்தகைக்குச் செய்கிற றஞ்சித் போட்ட வெங்காயத்தில் பாதி அழுகிப் போனது. வித்தியா கேட்ட மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவேன். உன் மகள் அங்கே பள்ளியில் கோடிங் படித்துத் திரையில் ஒரு மீனை நீந்த விட்டாள் என்று சொன்னாய், சந்தோசம். நீ முதன்முதலில் இங்கத்தைய ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் அதைப் படிப்பிக்கப் போகிறோம் என்றபோது நான் சிரித்தது உனக்கு நினைவிருக்கும். புலமைப்பரிசில் பரீட்சைக்காக வகுப்பு வகுப்பாக ஓடுகிற பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பெட்டி எதற்கு என்று கேட்டேன். என் மனதை மாற்றியது தர்சிகா ரீச்சர்தான். வவுனியாவிலிருந்து நியமனம் கிடைத்து வந்து, எங்கள் ஊரில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருக்கிற இருபத்தாறு வயதுப் பெண். நீங்கள் அனுப்பிய பன்னிரண்டு மடிக்கணினிகளையும் முதல் மூன்று சனிக்கிழமை அவள் தொடவே விடவில்லை. முற்றத்தில் சுண்ணாம்பால் கட்டம் கீறி, ஒரு பிள்ளையின் கண்ணைக் கட்டி, அதுதான் மெசின் என்று சொல்லி, மற்றப் பிள்ளையைக் கட்டளை கொடுக்கச் செய்தாள். ஒருவன் எண்ணிப் பாராமல் முன்னுக்குப் பத்து அடி என்று சொல்ல, கண் கட்டியவன் நேரே செவ்வரத்தை வேலிக்குள் போய் நின்றான். "ஏன்ரா உள்ளுக்கை போனனீ" என்று இவன் கத்த, "நீதானே பத்தெண்டனீ, நான் மெசின், மெசினுக்கு வேலி தெரியாது" என்று அவன் உள்ளே நின்றபடியே சொன்னான். சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது, பிழை நேர்ந்தால் அது சொன்னவனுடையது. அந்த ஒழுங்கு எனக்குப் பிடித்துப்போனது. அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமையும் நான் தவறவில்லை. வாசலில் கதிரை போட்டு இருந்து, கை கழுவினார்களா, நகம் வெட்டினார்களா என்று பார்த்து உள்ளே விடுவது நானாக எடுத்துக்கொண்ட வேலை. பிள்ளைகள் எனக்கு 'பாஸ்வேர்ட் அம்மம்மா' என்று பெயர் வைத்திருந்தார்கள், எனக்குத் தெரியாதென்று அவர்களுக்கு நினைப்பு.

மே மாதம் மூன்றாம் திகதி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீ பார்த்தது இரண்டு நிமிடத் துண்டு மட்டும். அதற்கு முந்திய கிழமை தர்சிகா நிபந்தனை என்ற பாடத்தை எடுத்திருந்தாள். ஒன்று நடந்தால் இதைச் செய், நடக்காவிட்டால் மற்றதைச் செய் என்று மெசினுக்குச் சொல்லிக்கொடுப்பது. வீட்டில் நடக்கிற ஒன்றை யோசித்து வந்து, ஒவ்வொரு கட்டளையையும் ஒரு நிறக் கட்டையாகத் திரையில் அடுக்கிக் காட்டச் சொன்னாள். ஒருத்தி, மழை வந்தால் காயப்போட்ட மிளகாயை அள்ளு, வராவிட்டால் விளையாடு என்று செய்திருந்தாள். வேலிக்குள் போனவன், அம்மம்மா ஒருமுறை கூப்பிட்டால் கேட்காத மாதிரி இரு, மூன்றுமுறை கூப்பிட்டால் ஓடு என்று செய்திருந்தான். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பிறகு அந்தப் பிள்ளை எழும்பினாள். அவளுடைய பெயரை இதில் எழுத மாட்டேன், அது போகவேண்டிய தூரத்துக்கு மேல் போய்விட்டது. அவளுடைய திரையில் ஒரு வீடு, வீட்டுக்குப் போகிற ஒடுங்கிய ஒழுங்கை, ஒழுங்கை முடக்கில் வாய்க்காலுக்கு மேலே ஒரு குறுகிய மதகு, ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு சிறுமி, இடுப்புயரம்கூட இல்லாத ஒரு சின்னப் பையன். நிமிர்ந்து நின்று சொன்னாள்: "மோட்டச்சைக்கிள் மதகடியிலை நிண்டால், தம்பியைத் தூக்கிக்கொண்டு பின்படலையாலை பெரியம்மா வீட்டை போ. நில்லாமல் வந்தால், கொப்பியை எடுத்து வீட்டுவேலையைச் செய்." பின்னாலிருந்து யாரோ, "ஏனடி மதகடியிலை நிக்குது" என்று கேட்டார்கள். "அப்பா குடிச்சா மதகாலை ஓடி வரேலாது, சத்தம் அங்கை நிண்டிடும், இறங்கி உருட்டித்தான் வருவார்" என்றாள், கணக்குக்கு விடை சொல்லுவது போல. ஒரு பொத்தானை அமத்தினாள். மோட்டார் சைக்கிள் மதகடியில் நின்றது, சிறுமி பையனைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்தால் ஓடினாள். ஒரு பிழையும் இல்லை, முதல் தரமே சரியாக நடந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள்.

அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். விளங்கியது. விளங்கியும் நான் முதலில் கேட்டது அவளுடைய உச்சரிப்பை. முழு வசனமாகச் சொல்கிறாளே என்று கவனித்தேன். மற்றப் பிள்ளைகளில் பாதிப்பேர் விட்டுவிட்ட 'இல்லாவிட்டால்' பகுதியை இவள் விடவில்லை என்று கவனித்தேன். உன் அப்பாவின் பெயர் எழுதிய பலகை அவளுக்குப் பின்னால் தெரிய வேண்டுமென்று கதிரையை இரண்டடி நகர்த்தி என் தொலைபேசியில் படம் பிடித்தேன். தர்சிகாவின் முகம் மாறியதையும் கண்டேன். அவள் பிள்ளையின் தோளில் கைவைத்து, நல்லாய்ச் செய்திருக்கிறாய் என்று சொல்லி இருத்திவிட்டு, வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, "அன்ரி, உதை ஒருத்தருக்கும் காட்டிப்போடாதேங்கோ, நான் திங்கக்கிழமை தாயோடை ஆறுதலாக் கதைக்கிறன்" என்றாள். ஓம் பிள்ளை என்று சொன்னேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு உனக்கு அனுப்பினேன். மகனே, 'ஒருத்தரும்' என்பதற்குள் நீ வருவாய் என்று எனக்குப் படவில்லை. மகனுக்குச் சொல்வது வெளியில் சொல்வதாகாது என்று நினைத்துத்தான் நாங்கள் எல்லோரும் வளர்ந்தோம். கீழே நான் எழுதியதும் நினைவிருக்கிறது: அப்பாவின் பெயரிலான வகுப்புப் பிள்ளை, உச்சரிப்பைக் கவனி. இப்படித்தான் எழுதினேன்.

நீயும் என்னைப் போலவே நினைத்திருக்கிறாய். அங்கே கனடாவில் உங்கள் ஊர்ச் சங்கத்தின் இராப்போசன விருந்துக்கு வந்தவர்கள் எல்லாம் எங்கள் ஊர் ஆட்கள்தானே, அவர்களுக்குக் காட்டுவது வெளியில் காட்டுவதாகாது என்று. பெரிய திரையில் போட்டதாகவும், பெண்கள் கண்ணைத் துடைத்ததாகவும், வகுப்பை இன்னும் இரண்டு பாடசாலைகளுக்கு விரிக்க ஆட்கள் முன்வந்ததாகவும் அடுத்த நாள் நீ எடுத்துச் சொன்னபோது நான் பெருமைப்பட்டேன், அதை மறைக்கவில்லை. யாரோ அதைத் தன் தொலைபேசியில் பிடித்து இணையத்தில் போட்டார்கள். எங்கள் ஊர் ஆட்கள்தான் என்றாய். எங்கள் ஊர் ஆட்கள் என்பதால்தானே அந்த மதகை அவர்களுக்குத் தெரிந்தது. பிள்ளையின் தகப்பன் பாடசாலைப் படலையில் நின்று சத்தம் போட்டதை நான் என் காதால் கேட்டேன்: "கனடாவிலை என்ரை மச்சான் சாப்பாட்டுக் கோப்பையோடை இருந்து என்ரை வீட்டைப் பாத்தவனாம். ஆரடா என்ரை பிள்ளையைக் கொண்டு படம் ஓட்டினது?" அதற்கு முந்திய நாளே அவளுடைய தாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். வலக்கை இரண்டு இடத்தில் முறிவு. கிணற்றடியில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளையின் கொப்பிகளும் பென்சில் பெட்டியும் அடுப்பில் போயின. அவள் பள்ளிக்கு வரவில்லை. ஒன்பதாம் நாள் தர்சிகா அந்த ஒழுங்கையால் நடந்து போனபோது பிள்ளை வேலி ஓரமாக வந்து நின்று, சத்தமில்லாமல் ஒன்று சொன்னாளாம்: "ரீச்சர், அது இப்ப வேலை செய்யுதில்லை." தகப்பன் இப்போது மோட்டார் சைக்கிளைச் சந்திக் கடையில் விட்டுவிட்டு நடந்து வருகிறான். மதகடியில் ஒரு சத்தமும் இல்லை. தன்னையும் தம்பியையும் காக்க அந்தப் பிள்ளையிடம் இருந்தது அந்த ஒரு அறிகுறிதான், அதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தது. அதை நான் கதிரையை நகர்த்தி வைத்துப் படம் பிடித்து அனுப்பினேன், நீ திரையில் போட்டாய்.

பிள்ளை வேலியோரம் அதைச் சொன்ன அன்றைக்கே தர்சிகா சிறுவர் உரிமை அலுவலரிடம் போய் எழுதிக் கொடுத்தாள். அலுவலர் வீட்டுக்கு வந்தபோது தாய், விழுந்தது என்றே சொன்னாள். தகப்பன் திருப்பி ஒரு பெட்டிசம் எழுதினான்: இந்த ரீச்சர் பிள்ளைகளைக் கொண்டு வீட்டுக் கதைகளை எடுத்து வெளிநாட்டுக்கு விற்கிறாள், இவளை மாற்றினால்தான் பிள்ளையைப் பள்ளிக்கு விடுவேன் என்று. மாற்றிவிட்டால் எல்லாம் அமைதியாகிவிடும் என்று கல்விக் கந்தோரில் நினைக்கிறார்கள். தீவுப் பக்கம் ஒரு பாடசாலைக்கு அவளை அனுப்பப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை வகுப்பு இல்லை, அதனால்தான் அறை பூட்டியிருக்கிறது. இம்மாதம் ஐந்தாம் திகதி கந்தோரில் நடந்த விசாரணைக்கு யாரும் கூப்பிடாமலே ஓட்டோ பிடித்துப் போனேன். படம் பிடித்தது நான், அனுப்பியது நான், ரீச்சர் வேண்டாமென்று சொன்னதையும் மீறி அனுப்பினேன் என்று சொன்னேன். அந்த அதிகாரி மரியாதையான மனிதர். எனக்குக் கதிரை தந்தார், தேத்தண்ணி எடுப்பித்தார். பிறகு சொன்னார்: "அம்மா, இந்த வயசிலை இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விசயம். மகன் அதிபரோடை போனிலை கதைச்சவர். உங்களுக்கு இடைக்கிடை மாறாட்டம் எண்டு சொன்னவர். வீடியோ பள்ளிக்கூடத்தாலைதான் வந்தது எண்டும் சொன்னவர். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ." பிரகலாதன், அதைக் கேட்டுக்கொண்டு நான் அந்தத் தேத்தண்ணியைக் கடைசிவரை குடித்தேன். பாதியில் வைத்துவிட்டு எழும்பியிருந்தால் அதையும் மாறாட்டம் என்று குறித்திருப்பார்கள். காட்டுவதற்கு என் தொலைபேசியில் ஒன்றும் இருக்கவில்லை. "அம்மா, அந்த வீடியோவை உடனை அழியுங்கோ, அனுப்பின மெசேச்சையும் அழியுங்கோ" என்று நீ சொன்ன அன்றே அழித்துவிட்டேன். பிள்ளையைக் காப்பதற்காகச் சொல்கிறாய் என்று நினைத்தேன்.

நீ ஏன் அப்படிச் சொன்னாய் என்று எனக்குத் தெரியாமலில்லை. சங்கத்துக்கு இந்த வருடம் நீ தலைவர். பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் பிள்ளையின் முகத்தைத் திரையில் போட்டது தலைவர் என்று வந்தால், மற்ற இரண்டு பாடசாலைகளும் பின்வாங்கும், நல்ல வேலை ஒன்று நின்றுபோகும் என்று பார்த்திருப்பாய். இந்தப் பிள்ளைகள் அந்தக் கட்டைகளை அடுக்கப் பழக வேண்டும் என்று இன்று உன்னைவிட எனக்கு ஆசை அதிகம், அந்த அறையில் பன்னிரண்டு மெசின்களும் தூசி பிடிப்பதை யன்னலால் பார்த்துவிட்டு வருகிறவள் நான். அதற்காக ஒரு தவறும் செய்யாத பெண்ணைத் தீவுக்கு அனுப்பலாமா? ஊர் என்னைப் பற்றிச் சொல்வதை நான் பொறுத்துக்கொள்வேன், நாற்பது வருடமாக அவர்கள் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். இது உன் வாயிலிருந்து புறப்பட்டது என்பதைத்தான் இந்த ஒன்பது நாளாக இறக்கிவைக்க இடமில்லாமல் இருக்கிறேன். அப்பா இருந்திருந்தால் உன்னை ஏசியிருக்க மாட்டார். உன்னுடன் கதைப்பதை நிறுத்தியிருப்பார். எனக்கு அது முடியாது, அதற்கு நேரமும் இல்லை.

தர்சிகாவின் அறை அந்தப் பிள்ளையின் வீட்டிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. மதகடிச் சத்தம் போன பிறகு அவர்கள் இருவரும் தங்களுக்குள் வேறொரு ஒழுங்கு செய்திருக்கிறார்கள். அது என்னவென்று எனக்குத் தெரியும், இந்தக் கடிதத்தில்கூட எழுத மாட்டேன், நீயும் கேட்காதே. போன கிழமை ஒருமுறை அது பயன்பட்டது, பிள்ளையும் தம்பியும் பத்திரமாக இருந்தார்கள். அது நடப்பதற்குத் தர்சிகா இந்த ஊரில் இருக்க வேண்டும். கடல் தாண்டிப் போய்விட்டால் அந்தப் பிள்ளைக்கு ஓடிப்போக இடமில்லை. பெரியம்மா வீட்டுக்குப் போகக்கூடாதென்று தகப்பன் பின்படலையை ஆணி அடித்துவிட்டான். கடைசி விசாரணை முப்பதாம் திகதி திங்கட்கிழமை, அன்று முடிவு எழுதிவிடுவார்கள். என் வாக்குமூலத்தை மறுபடி எழுதி, திகதியும் நேரமும் போட்டு, சமாதான நீதவான் ஒருவர் முன்னால் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறேன். கொடையாளியின் கையெழுத்துடன் கடிதம் வந்தால் மட்டும் அதைக் கணக்கில் எடுப்போம் என்கிறார் அதிகாரி. சங்கத்தின் பெயரில் வேண்டாம், உன் பெயரில் எழுது. வீடியோவை உனக்கு அனுப்பியது உன் தாய், ஆசிரியை அல்ல என்றும், அதை விருந்தில் காட்டியது நீ என்றும், உன் தாய்க்கு மறதி இல்லை என்றும் எழுது. நான் அனுப்பிய அந்தச் செய்தி உன் தொலைபேசியில் இருந்தால் அதையும் பிரதி எடுத்து வை. நீ எல்லா இடத்திலும் எடுப்பித்துவிட்டதாகச் சொன்ன வீடியோவைச் செவ்வாய்க்கிழமை பூரணத்தின் மருமகள் தன் கைத்தொலைபேசியில் எனக்குக் காட்டினாள். போட்டவரைத் தேடிப் போய் அதை எடுப்பி.

சின்னவனுக்கு இருமல் விடவில்லை என்று வித்தியா சொன்னாள், குளிர்பானம் கொடுக்காமல் கொத்தமல்லி அவித்து இளஞ்சூட்டில் கொடுக்கச் சொல். நீயும் வேளைக்குச் சாப்பிடு, வாகனம் ஓடிக்கொண்டு தொலைபேசி கதைப்பதை விடு. உன் மகள் இனி எதைச் செய்து காட்டினாலும், எவருக்கும், எனக்குக்கூட, அனுப்பமுன் அவளிடம் கேள். வெள்ளிக்கிழமை நல்லூரில் உங்கள் நாலு பேரின் பெயருக்கும் அர்ச்சனை செய்தேன், பெயர் சொல்லாமல் அந்தப் பிள்ளைக்கும் ஒன்று. முருகன் உன் வீட்டுக்கு ஒரு குறையும் வரவிடாமல் காக்கட்டும், உண்மையைச் சொல்லுகிற தைரியத்தையும் உனக்குத் தரட்டும். உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆசையும் குறையவில்லை. இதற்குத் தொலைபேசியில் பதில் சொல்லாதே. முப்பதாம் திகதிக்கு முன் என் கையில் கிடைக்கும்படி, உன் கையால் எழுதிக் கையெழுத்திட்ட பதிலைக் கூரியரில் அனுப்பு.

இப்படிக்கு,
உன் அம்மா
ஞானாம்பிகை தியாகலிங்கம்